அனுமதிக் கடிதம் கையில், குழந்தைகள் இன்னும் வகுப்பில்: பள்ளி வாசிப்பு ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு

மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரம் ஒரு வாசிப்புப் பயிற்சி கொடுத்து, அது பலன் தருகிறதா என்று பார்க்க வேண்டும். எம்.எட். மாணவரோ, முனைவர் பட்ட ஆய்வாளரோ, தொண்டு நிறுவனத்தில் இருப்பவரோ, யாரானாலும் முதலில் உட்கார்ந்து யோசிப்பது பயிற்சியைப் பற்றித்தான். எந்த எழுத்திலிருந்து தொடங்குவது, கதை அட்டை எப்படி இருக்க வேண்டும், எதை வைத்துச் சோதிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பள்ளிக்குள் நுழையும் வேலையை மட்டும் "பர்மிஷன் வாங்கிக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். கால அட்டவணையில் அதற்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கும்.

ஆய்வு சறுக்குவது பெரும்பாலும் அந்த இரண்டு வாரத்தில்தான். அனுமதி வேறு, சம்மதம் வேறு. கல்வி அலுவலகம் தருவது அனுமதி. அது பள்ளியின் கேட்டைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர், குழந்தை என ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொருவரும் மறுக்கவும் செய்யலாம். யார் மறுத்தார்கள், யாரிடமிருந்து பதிலே வரவில்லை என்பதை வைத்துத்தான் கடைசியில் வரும் முடிவு எந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும்.

வாசிப்பு ஆய்வில் இதற்கு இன்னொரு கொக்கி உண்டு. பெற்றோருக்கு அனுப்பும் சம்மதப் படிவமே வாசிக்க வேண்டிய தாள். அதை வாசிக்க ஆளில்லாத வீட்டிலிருந்து தாள் திரும்பி வராது. அந்த வீட்டுக் குழந்தைக்குத்தான் பயிற்சி மிகவும் தேவைப்பட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால், ஓரளவு வாசிக்கத் தெரிந்த குழந்தைகளை வைத்தே ஆய்வு நடந்து முடிந்துவிடும்.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இந்த வேலை எந்த வரிசையில் நடக்கும், எங்கே தடுக்கும் என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு: எத்தனை பள்ளி வேண்டும்?

கடிதம் எழுதுவதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும். "சில பள்ளிகளில்" என்று எழுதிய விண்ணப்பம் அலுவலகத்தில் நகராது.

பயிற்சி பெறும் குழு, பெறாத குழு என்று இரண்டு குழுக்களை ஒப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு இருக்கிறது. எதிர்பார்க்கும் விளைவின் அளவைத் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) எழுதி, அதன் வர்க்கத்தால் 16ஐ வகுத்தால் ஒரு குழுவுக்குத் தேவையான எண்ணிக்கை கிடைக்கும். விளைவு 0.4 என்றால் 16 ÷ 0.16 = 100. அதாவது குழுவுக்கு 100 குழந்தைகள். உண்மையிலேயே இருக்கும் விளைவை 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டுபிடிக்க இது போதும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் குலுக்கல் போட்டால்தான் இந்தக் கணக்கு செல்லும். பள்ளி பள்ளியாகப் பிரித்தால் செல்லாது. ஒரே பள்ளிக் குழந்தைகளுக்கு ஆசிரியரும் ஒருவர்தான், தெருவும் ஒன்றுதான். அவர்களுடைய மதிப்பெண்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இருபது பேரைச் சோதித்தாலும் இருபது தனித் தகவல் கிடைக்காது. இந்த ஒற்றுமையை 0.2 என்று எடுத்துக்கொண்டு, பள்ளிக்கு 20 குழந்தைகள் என்றால் பெருக்கல் எண் 1 + (19 × 0.2) = 4.8. குழுவுக்கு 100 என்பது 480 ஆகிவிடும். குழுவுக்கு 24 பள்ளி, மொத்தம் 48.

ஆனால் மூன்றாம் வகுப்பில் 20 பேர் இருக்கும் பள்ளி எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகள் நிறைய. அவற்றில் ஒரு வகுப்புக்கு நாலைந்து பேர் இருந்தாலே அதிகம். பள்ளிக்கு 5 குழந்தைகள் என்றால் பெருக்கல் எண் 1.8 ஆகக் குறையும், குழுவுக்கு 180 குழந்தைகள் போதும். ஆனால் பள்ளிகள் குழுவுக்கு 36, மொத்தம் 72 ஆகும். குழந்தைகள் குறைய, பார்க்க வேண்டிய தலைமையாசிரியர்களும் ஏற வேண்டிய பேருந்துகளும் கூடும். இதைத் தவிர்க்கச் சிலர் நடுநிலைப் பள்ளிகளை மட்டும் எடுப்பார்கள், சிலர் மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளைச் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டிலும் தவறில்லை. ஆனால் பெரிய பள்ளிகளில் மட்டும் செய்த ஆய்வைச் "சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் பொருந்தும்" என்று பிறகு எழுதக் கூடாது.

இதற்கு மேல் இழப்புக்கு 15 விழுக்காடாவது கூட்டிக்கொள்ளுங்கள். நடுவில் டி.சி. வாங்கிப் போகும் பிள்ளைகள் உண்டு. செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று குடும்பத்தோடு இடம்பெயரும் பிள்ளைகளும் உண்டு.

எந்த அலுவலகம்?

அரசுப் பள்ளி என்ற ஒரே பெயருக்குள் பல நிர்வாகங்கள் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளி என எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருவில்கூட இருக்கலாம். ஒரு துறை கொடுத்த அனுமதி இன்னொரு துறையின் பள்ளியில் எடுபடாது. அரசு உதவி பெறும் பள்ளியில் தாளாளரோ செயலரோ தனியாக எழுத்தில் இசைவு தர வேண்டும். பள்ளிகளின் பட்டியலைத் தயாரிக்கும்போதே ஒவ்வொன்றின் 11 இலக்க யுடைஸ் எண்ணையும் (நாடு முழுக்க ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்) நிர்வாக வகையையும் எழுதிவிட்டால், எத்தனை அலுவலகங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பள்ளிக் கல்வித் துறையின் பள்ளிகளுக்குப் பொதுவான வழி இது. ஒரே மாவட்டம் என்றால் முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது சி.இ.ஓ. பல மாவட்டங்கள் என்றால் சென்னையில் உள்ள தொடக்கக் கல்வி இயக்குநரகம். சி.இ.ஓ. அலுவலகத்திலிருந்து தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், அங்கிருந்து வட்டாரக் கல்வி அலுவலருக்கும், (பி.இ.ஓ.) பிறகு தலைமையாசிரியருக்கும் நகல் இறங்கும். கிடைக்கும் ஆணைக்குப் பெயர் "செயல்முறைகள்". அதன் தலையில் ந.க.எண் எனப்படும் கோப்பு எண்ணும் நாளும் இருக்கும். இந்த எண்ணைப் பத்திரமாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அலுவலர் மாறுதலாகிப் போனால், கோப்பைத் தேடி எடுக்க இதுதான் வழி.

விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அது பிரிவு எழுத்தரின் மேசையிலேயே தூங்கும். நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி, எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று கேட்டு வர வேண்டும். ஏப்ரலில் கொடுத்தால் ஜூன் இறுதியில் கையில் இருக்கலாம். ஜூனில் கொடுத்தால் மாறுதல் கலந்தாய்வு, புதிய சேர்க்கை, விலையில்லாப் பாடநூல் வழங்கல் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் உங்கள் தாள் நிற்கும்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை வரும். நெறிமுறைக் குழுவின் (ஆய்வு பங்கேற்பவர்களுக்கு நியாயமாக நடக்குமா என்று பரிசீலிக்கும் குழு) ஒப்புதல் எங்கே என்று அலுவலகம் கேட்கும். பள்ளிகளின் இசைவு எங்கே என்று நெறிமுறைக் குழு கேட்கும். கோழி முதலா முட்டை முதலா கதைதான். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் தீர்வு ஒன்று உண்டு. நாலைந்து தலைமையாசிரியர்களிடம் "உயர் அலுவலர் அனுமதித்தால் எங்கள் பள்ளியில் நடத்த ஆட்சேபணையில்லை" என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி, அதை வைத்துக் குழுவிடம் நிபந்தனையுடன் கூடிய ஒப்புதல் பெறலாம். அந்த ஒப்புதலை இணைத்து அலுவலகத்துக்குப் போகலாம்.

உங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழுவே இல்லையென்றால் விட்டுவிடக் கூடாது. கல்வியியல் கல்லூரிகள் பலவற்றில் இப்படித்தான் நிலைமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்கள், ஒப்பந்தம் போட்டு வேறு நிறுவனத்தின் குழுவைப் பயன்படுத்திக்கொள்ள இடம் தருகின்றன. அந்த ஆவணம் உடல்நல ஆய்வுகளுக்காக எழுதப்பட்டது. சமூக, நடத்தை அறிவியல் ஆய்வையும் அது தொடுவதால் கல்வி ஆய்வாளர்களும் அதையே கையில் எடுக்கிறார்கள்.

விண்ணப்பத்தில் ஒரு வாக்கியம்

பலர் எழுதுவது இப்படி இருக்கும்: "தங்கள் மாவட்ட அரசுப் பள்ளி மாணவர்களின் வாசிப்புக் குறைபாடுகள் குறித்து ஆய்வு மேற்கொள்ள அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." ஆய்வேட்டின் தலைப்பை அப்படியே இறக்கியது இது. படிக்கும் அலுவலருக்கு நாளை பத்திரிகையில் வரப்போகும் தலைப்புச் செய்தி கண்ணில் தெரியும். கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "இணைப்பில் உள்ள 48 பள்ளிகளில், விருப்பம் தெரிவிக்கும் பள்ளிகளில் மட்டும், ஜூலை இரண்டாம் வாரம் முதல் 3ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வாரம் நான்கு நாள், நாளுக்கு 30 நிமிடம் வாசிப்புப் பயிற்சி அளிக்கவும், தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர் ஒருவருக்கு 12 நிமிட வாய்மொழிச் சோதனை நடத்தவும் அனுமதி வேண்டுகிறேன். பள்ளி வாரியான மதிப்பெண்கள் எங்கும் வெளியிடப்பட மாட்டா."

இதில் "விருப்பம் தெரிவிக்கும் பள்ளிகளில் மட்டும்" என்ற சொற்கள்தான் உயிர். செயல்முறைகளிலும் அவை இடம்பெறும்படி கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் வரும் ஆணையைத் தலைமையாசிரியர் மேலிடத்து உத்தரவாகத்தான் படிப்பார். மறுக்க மாட்டார், மனமார ஏற்கவும் மாட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து நீங்கள் போகும் நாளெல்லாம் வகுப்புக்கு வேறு வேலை வந்துவிடும்.

இணைப்புகள் அதிகம் வேண்டாம். இரண்டு பக்க ஆய்வுச் சுருக்கம், துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம், நெறிமுறைக் குழுக் கடிதம், சோதனைத் தாள்களின் மாதிரி, பள்ளிப் பட்டியல், பள்ளிக்குள் வரப்போகும் ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை நகலும் போதும். காலத்தைக் கேட்கும்போது கொஞ்சம் தாராளமாகக் கேளுங்கள். பன்னிரண்டு வாரப் பயிற்சி ஜூலையில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வந்து அக்டோபர் நடுவரை இழுக்கும். அதன் பிறகு தீபாவளி, வடகிழக்குப் பருவமழை விடுமுறைகள். பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும் ஒரு சோதனை உண்டு என்றால், ஆணை ஏப்ரல்வரை செல்லுபடியாக வேண்டும்.

தலைமையாசிரியர் கேட்கும் கேள்விகள்

ஆணையோடு போனாலும் "எனக்கு இன்னும் வரவில்லையே" என்பார்கள். இரண்டு நகல் கையில் வைத்திருங்கள். பி.இ.ஓ. அலுவலகத்திலிருந்து தலைமையாசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்த கேள்வி: "எண்ணும் எழுத்தும் இருக்கே, இன்னொன்று எதற்கு?" நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசின் இந்த அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம் 2022இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் நீண்டது. அதில் குழந்தைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடக்கிறது. ஆகவே ஒப்பீட்டுப் பள்ளிகளில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே எண்ணும் எழுத்தும் நடக்கிறது, உங்கள் பயிற்சி அதற்கு மேல் என்ன சேர்க்கிறது என்பதுதான் கேள்வி. தலைமையாசிரியரிடமும் இப்படியே சொல்லலாம்.

மூன்றாவது கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்: எங்கள் பள்ளி மார்க் மேலே போகுமா? நீங்களாகவே அதைச் சொல்லி, போகாது என்று எழுதியும் கொடுத்துவிடுங்கள். பிறகு அலுவலகம் அறிக்கை கேட்கும்போது மொத்த முடிவை மட்டும் கொடுங்கள். இந்த வாக்கு ஒருமுறை தவறினால் அந்த ஒன்றியத்தில் அடுத்து வரும் ஆய்வாளருக்கும் கதவு திறக்காது.

வகுப்பாசிரியர்தான் பயிற்சியை நடத்தப்போகிறார் என்றால் அவரும் ஆய்வில் பங்கேற்பவர். அவரிடமும் தனிச் சம்மதம் வாங்க வேண்டும். வேலையை மணிக்கணக்கில் சொல்லிவிடுங்கள். வாரம் நான்கு வகுப்பு, பன்னிரண்டு வாரம், மொத்தம் 48 வகுப்பு, 24 மணி நேரம். அதோடு பயிற்சி முகாம் இரண்டு நாள். "கொஞ்ச நேரம்தான் டீச்சர்" என்று தொடங்கிய ஆய்வுகள் பாதியில் நிற்பதற்குத் தேர்தல் பணியும் எமிஸ் எனும் பள்ளித் தகவல் தளத்தின் பதிவுகளும் மட்டும் காரணமல்ல.

சோதனைக்கான இடத்தையும் அன்றே பேசி முடிக்க வேண்டும். குழந்தைக்கு 12 நிமிடம் வீதம் 20 பேருக்கு 240 நிமிடம். இரண்டு பேர் சோதித்தால் இரண்டு மணி நேரம், இடைவேளையோடு ஒரு முற்பகல் போய்விடும். வராண்டாவின் ஓரம் நல்லது. கதவைச் சாத்திய அறை கூடாது. ஆசிரியரின் பார்வை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஆனால் வகுப்புப் பிள்ளைகளின் காது எட்டக் கூடாது. சத்துணவுக் கூடத்தின் பக்கம் உட்கார்ந்தால் பதினொன்றரைக்கு மேல் பாத்திரச் சத்தத்தில் ஒலிப்பதிவு வீணாகும்.

பெற்றோர்: திரும்பாத தாள்

பள்ளி மேலாண்மைக் குழுவிடமிருந்து தொடங்குவது நல்லது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். குழுக் கூட்டத்தில் விளக்கினால் செய்தி தெருவுக்குப் போய்ச் சேரும். ஆனால் குழுத் தீர்மானம் எந்தத் தாயின் கையெழுத்துக்கும் ஈடாகாது.

படிவம் ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். "இவ்வாய்வில் தங்கள் பாலகர் பங்கேற்பதற்கான தன்னார்வ ஒப்புதலை இதன்மூலம் வழங்குகிறீர்கள்" என்றெல்லாம் எழுதினால் பட்டதாரிக்கே மூச்சு வாங்கும். இப்படி எழுதலாம்:

"உங்கள் பிள்ளைக்குப் பள்ளி நேரத்திலேயே வாரம் நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லித்தருவோம். சில பள்ளிகளுக்கு இப்போது, சில பள்ளிகளுக்கு ஜனவரியில். எந்தப் பள்ளிக்கு எப்போது என்பது குலுக்கலில் முடிவாகும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்போம். இதற்கு மார்க் கிடையாது. பணம் கேட்க மாட்டோம், ஆதார் கேட்க மாட்டோம். வேண்டாம் என்றால் பிள்ளைக்குப் பள்ளியில் எந்தக் குறையும் வராது. சம்மதித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம்."

இதன் கீழே இரண்டு கட்டங்கள்: சம்மதம், சம்மதமில்லை. இரண்டும் வேண்டும். "சம்மதம்" மட்டும் இருந்தால் வேண்டாம் என்பவர் தாளைத் திருப்பி அனுப்ப மாட்டார், மறுத்தவர் யார், தாளையே பார்க்காதவர் யார் என்று உங்களால் பிரிக்க முடியாது. குரல் பதிவுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். பயிற்சிக்குச் சரி, பதிவு வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. "மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான" என்ற சொற்கள் படிவத்தில் எங்கேயும் வரக் கூடாது. அந்தத் தாள் பையில் போகும்போது பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையும் படிக்கும்.

தாளை மஞ்சள் அல்லது ரோஸ் நிறத்தில் அச்சிட்டால் பையில் வீட்டுப்பாடத் தாளோடு கலக்காது. முதல் நாள் கொடுத்து, நான்காம் நாள் நினைவூட்டி, எட்டாம் நாள் புதுத் தாள் கொடுக்க வேண்டும், பழையது தொலைந்திருக்கும். வகுப்பில் எல்லாத் தாளும் திரும்பினால் வகுப்புக்கே ஒரு கதைப் புத்தகம் என்று சொல்லலாம். திரும்பினால் போதும், அதில் சம்மதமா மறுப்பா என்பது பொருட்டல்ல. சம்மதித்த பிள்ளைக்கு மட்டும் பென்சில் பெட்டி கொடுப்பது விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம், பெட்டி கிடைக்காத பிள்ளையின் அழுகைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கும் திரும்பாத தாள்களுக்கு ஆளே நேரில் போக வேண்டும். பகலில் போனால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். நூறு நாள் வேலை, பனியன் கம்பெனி, கட்டட வேலை முடிந்து வரும் மாலை நேரம்தான் சரி. பள்ளி விடும்போது வாசலில் நின்றாலும் சிலரைப் பிடிக்கலாம். படிக்கத் தெரியாதவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, சாட்சியின் கையெழுத்தும் வாங்க வேண்டும். சாட்சி ஆய்வுக் குழுவைச் சேராதவராக இருக்க வேண்டும். வகுப்பாசிரியரும் வேண்டாம். டீச்சர் பக்கத்தில் நிற்கும்போது எந்த அம்மா மறுப்பார்? பக்கத்து வீட்டுக்காரரோ மேலாண்மைக் குழு உறுப்பினரோ போதும்.

அப்பா அம்மா வெளியூரில் வேலை பார்க்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் பல ஊர்களில் உண்டு. பெற்றோரில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, பாட்டி முன்னிலையில் விளக்கி, பதிலையும் நாளையும் குறித்து, பாட்டியிடமும் கையெழுத்து வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். இதை நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிச் சொல்லியிருக்க வேண்டும். திருப்பூர் போன்ற ஊர்களில் இந்தி, ஒடியா பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் இருப்பார்கள், ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வரும். தமிழ்ப் படிவம் மட்டும் கொண்டு போனால் அந்த வீடுகள் தாமாகவே கழிந்துவிடும்.

"மறுப்புச் சொல்லாதவர்கள் எல்லாம் சம்மதித்ததாகக் கொள்வோம்" என்ற குறுக்குவழி ஒன்று உண்டு. எண்ணிக்கை பிரமாதமாக ஏறும். பெயரோடு தரவு சேர்த்து, குரலையும் பதிவு செய்யும் ஆய்வுக்கு அது பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தையும் கேட்கிறது. ஆய்வுக்கென அச்சட்டத்தில் நிபந்தனையோடு விலக்கு உண்டு என்றாலும், அதை நம்பிப் படிவத்தைச் சுருக்குவது நல்ல பழக்கமல்ல.

குழந்தை: மௌனம் சம்மதமல்ல

ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல்களின்படி 7 முதல் 12 வயதுவரை குழந்தையின் இசைவை வாய்மொழியாகவும், 12க்கு மேல் எழுத்திலும் பெற வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டு வயது. வாயால் கேட்டால் போதும், ஆனால் உண்மையாகவே கேட்க வேண்டும்.

"நான் ஒரு அட்டை காட்டுறேன். தெரிஞ்சதை வாசி. தெரியலைன்னா தெரியலன்னு சொல்லலாம், தப்பில்ல. இது பரிட்சை கிடையாது. நடுவுல போதும்னு தோணுச்சுன்னா வகுப்புக்குப் போயிடலாம், டீச்சர் திட்ட மாட்டாங்க. இப்ப வாசிக்கலாமா, இல்ல வேண்டாமா?"

வகுப்பிலிருந்து கூட்டி வந்த பெரியவரிடம் வேண்டாம் என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. தலையைக் குனிந்துகொள்ளும், டீச்சர் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்கும், குரல் கிசுகிசுப்பாகும். அதெல்லாம் மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு நாள் இன்னொரு முறை கேட்கலாம், மூன்றாம் முறை கேட்கக் கூடாது. முடிவுச் சோதனையின்போதும் புதிதாகக் கேட்க வேண்டும். ஜூலையில் சொன்ன "சரி" அக்டோபருக்குச் செல்லாது.

சோதனையிலும் ஒரு நிறுத்த விதி வேண்டும். முதல் பத்துச் சொற்களில் ஒன்றைக்கூடச் சரியாக வாசிக்காவிட்டால் அந்த அட்டையை மெதுவாக எடுத்துவிட வேண்டும். வாசிக்கத் தெரியாத குழந்தையை ஒரு நிமிடம் முழுக்க அச்செழுத்தின் முன் உட்கார வைப்பதால் எந்தத் தகவலும் கிடைக்காது. கண்ணோ காதோ சரியில்லை என்று தோன்றினால் யாரிடம் சொல்வது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்குச் சொல்வது ஒரு வழி. குழந்தை ஏதேனும் பாலியல் தொந்தரவைச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை உடனே தெரிவிப்பது கட்டாயம். "நீ சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்காமல் இருப்பதற்கு அது ஒன்றே போதும்.

குலுக்கல் எப்போது?

கடைசியில்தான். பள்ளிகளின் இசைவு, பெற்றோர் சம்மதம், தொடக்கச் சோதனை மூன்றும் முடிந்த பிறகு. அவசரத்தில் பலர் முதலிலேயே பள்ளிகளைப் பிரித்துவிட்டுப் படிவம் கொடுக்கப் போவார்கள். பயிற்சி கிடைக்கும் பள்ளியில் ஆசிரியரே வீடு வீடாகச் சொல்லித் தாள்களைச் சேர்ப்பார். கிடைக்காத பள்ளியில் "டெஸ்ட் மட்டும்தானே" என்று பாதித் தாள் திரும்பாது. இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரியான குழந்தைகள் சேர்ந்த பிறகு எந்தப் புள்ளியியலும் அதைச் சரிசெய்யாது. தலைமையாசிரியர்களை வட்டார வள மையத்துக்கு அழைத்து, அவர்கள் கண்முன்னே சீட்டு எடுத்தால் முணுமுணுப்பும் குறையும். காத்திருக்கும் பள்ளிகளுக்கு ஜனவரியில் பயிற்சி என்று சொல்லியிருந்தால் அதற்கான பணத்தையும் ஆளையும் ஜூலையிலேயே ஒதுக்கிவையுங்கள்.

வராதவர்களின் கணக்கு

பள்ளிக்கு ஒரு பதிவேடு வேண்டும். வருகைப் பதிவில் உள்ளவர்கள், தாள் கொடுத்தவர்கள், சம்மதம், மறுப்பு, திரும்பவில்லை, சம்மதித்தும் அன்று வரவில்லை, குழந்தை வேண்டாம் என்றது, சோதித்தவர்கள் எனத் தனித்தனிக் கட்டங்கள். "மறுப்பு", "திரும்பவில்லை" இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள். முன்னது ஒருவருடைய முடிவு. பின்னது பெரும்பாலும் உங்கள் தாள் போய்ச் சேராததன் அடையாளம். அன்று வராத பிள்ளைகளுக்காக இன்னும் இரண்டு முறையாவது போக வேண்டும். அடிக்கடி விடுப்பில் இருக்கும் பிள்ளையும் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் பல நேரம் ஒரே பிள்ளைதான். கொரோனா காலக் கற்றல் இழப்பை அளக்க அபிஜீத் சிங், மொரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் செய்த ஆய்வு, கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பள்ளியில் பிடிக்காமல் வீட்டிலேயே சோதித்தது. பள்ளியை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அந்த வசதி இல்லை.

சம்மதம் தராதவர்களின் மதிப்பெண்ணை நீங்கள் தொடக் கூடாது. அப்படியானால் யார் விடுபட்டார்கள் என்று எப்படித் தெரியும்? வகுப்பாசிரியரிடம் பெயரில்லாமல் எண்ணிக்கை மட்டும் கேளுங்கள்: வகுப்பில் அரும்பு எத்தனை, மொட்டு எத்தனை, மலர் எத்தனை. உதாரணத்துக்கு, நான்கு பள்ளிகளில் மொத்தம் 60 பேரில் அரும்பு 24, மொட்டு 20, மலர் 16 என்று வைத்துக்கொள்வோம். சம்மதித்த 41 பேரைப் பெற்றோர் இசைவோடு நிலைவாரியாக எண்ணினால் அரும்பு 10, மொட்டு 16, மலர் 15 என்று வருகிறது. மலரில் ஒருவர்தான் குறைவு, அரும்பில் 14 பேர். தொடக்கச் சோதனைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தால், அந்த வாரத்தின் மாலைகள் திரும்பாத தாள்களின் வீடுகளுக்குப் போவதற்கானவை.